எங்க ஊர்ல எரிமலை இல்லைங்க

குன்னூர்க்காரன்னு தெரிஞ்சதும் கோயமுத்தூர்ல ஜனங்க என்கிட்ட கேக்கறது மூணு விஷயம். ஒண்ணு, ஊட்டி வர்க்கி எந்தக் கடையில நல்லா இருக்கும். ரெண்டு, ஊருக்குப் போயிட்டு வரும்போது டீத்தூள் வாங்கிட்டு வர முடியுமா. மூணாவதுதான் கொஞ்சம் விவகாரமானது. "ஏங்க, உங்க நீலகிரி எல்லாமே ஒரு காலத்துல எரிமலைதானாமே? மறுபடி வெடிக்குமா?"

டிவியில இந்தோனேஷியாவுல ஏதாவது ஒரு மலை புகையைக் கக்கினா அந்த வாரம் கட்டாயம் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுடுவார். ஆபீஸ்ல சாப்பிடற நேரத்துல பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. விலாவாரியா ஒரு தடவை எழுதி வச்சிட்டா, அடுத்து கேக்கறவங்ககிட்ட இதைக் காட்டிட்டுப் போயிடலாம்னு ஒரு சோம்பேறி ஆசை. கொஞ்சம் நீளமாத்தான் போகும். பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல பதில். இல்லைங்க, வெடிக்காது. நீலகிரி, எரிமலை கக்கின குழம்பு உறைஞ்சு உண்டான மலை கிடையாது. மகாபலேஸ்வர் பக்கம் இருக்கற தக்காணப் பாறைகள்தான் அப்படி உண்டானவை, சுமார் ஆறரைக் கோடி வருஷம் முன்னாடி. நம்ம நீலகிரிப் பாறைக்கு வயசு 250 கோடி வருஷத்தை ஒட்டி. பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல, பயங்கர சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து உருமாறி அப்புறம் மேல வந்தது. பேரு சார்னோகைட். இந்தப் பேருல ஒரு கூத்து இருக்கு. கல்கத்தாவுல இங்கிலீஷ்காரங்க குடியேற்றத்தை ஆரம்பிச்சு வச்ச ஜாப் சார்னாக்கோட கல்லறைக்குப் போட்ட கல்லு, நம்ம பல்லாவரத்துலருந்து போனது. 1893ல டி.எச். ஹாலந்துங்கற புவியியலாளர் அந்தக் கல்லுக்கு, அதுக்குக் கீழ படுத்திருக்கறவர் பேரையே வச்சிட்டார். பல்லாவரத்துக் கல்லுக்கு கல்கத்தா துரை பேரு! தொட்டபெட்டா உச்சியில நின்னா நம்ம காலுக்குக் கீழ இருக்கறதும் அதே ஜாதிக் கல்லுதான்.

இந்தியாவுல இப்ப உயிரோட இருக்கற எரிமலைன்னா அந்தமான் பக்கம் இருக்கற பாரன் தீவு. நூத்தம்பது வருஷத்துக்கு மேல தூங்கிட்டு 1991ல முழிச்சது. அங்க ஊரும் இல்லை, ஓடறதுக்கு ஆளும் இல்லை.

இதோட முடிச்சிருக்கலாம். ஆனா கேக்கறவங்க மனசுல இருக்கற பயம் நியாயமானதுதான். ஒரு மலை ஒரே ராத்திரியில ஊரை முழுங்குமா, அதைத்தானே கேக்கறாங்க? முழுங்கும். எங்க ஊர்ல அதுக்கு நெருப்பு வேண்டாம், தண்ணி போதும்.

அந்தக் கல்லு மேல மழையும் வெயிலும் பட்டுப் பட்டு எத்தனையோ லட்சம் வருஷமா மக்கி மண்ணாயிருக்கு. சில இடத்துல அந்த மண்ணு 40 மீட்டர் ஆழம் வரைக்கும் போகுது. மேல செம்மண், அதுக்கு அடியில வெளுத்துப்போன வழுவழு களி, அதுக்கும் அடியில பாறை. மழைத்தண்ணி மண்ணு வழியா இறங்கி பாறை மேல போய் நிக்குது. சும்மா தூறினா கசிஞ்சு ஓடைக்குப் போயிடும். நாலு நாள் விடாம பெஞ்சு அஞ்சாம் நாள் கொட்டித் தீர்த்தா, போக வழியில்லாம மண்ணுக்குள்ளயே முட்டிக்கிட்டு நிக்கும். துகளுக்கும் துகளுக்கும் இருக்கற பிடிப்பு விட்டுப்போகும். நேத்து வரைக்கும் நாம ஏறி நடந்த மலை, சாஞ்ச தட்டுல ஊத்தின கூழ் மாதிரி ஆயிடும். அது இறங்கற வழியில இருக்கற பாறை, மரம், வீடு எல்லாத்தையும் சேர்த்துக்கிட்டு ஓடும்.

பேப்பர்ல இதுக்குப் பேரு நிலச்சரிவு. பக்கத்துல வயநாட்டுல மலையாளத்துல உருள்பொட்டல்னு சொல்றாங்க. பொட்டறதுன்னா வெடிக்கறது. எங்க அம்மா சொல்றது, "மலை இறங்கிருச்சு." நிலச்சரிவுன்னு படிச்சா ரோட்டோரமா ரெண்டு லோடு மண்ணு விழுந்த மாதிரி ஒரு தோற்றம் வருது. அம்மா சொல்ற வார்த்தைதான் எனக்குச் சரியாப் படுது. மேல இருந்தது கீழ இறங்கி வருது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இந்த வார்த்தை சிலோன்லருந்து வந்தது. பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல பொறந்தது. 1964ல சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துல, அஞ்சே கால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கறதுன்னு முடிவாச்சு இல்லையா, அந்தக் கணக்குல அம்மாவும் ஒரு ஆளு. எழுபதுகள்ல தலைமன்னார்லருந்து ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம், அங்கருந்து மண்டபம் முகாம், அப்புறம் மலை. இந்த மாதிரி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் அரசாங்கம் டான்டீ தோட்டங்களை நீலகிரியில பெருசா விரிச்சது. எங்க குடும்பத்துக்கு அது அமையல. ஒரு தனியார் எஸ்டேட்ல அப்பாவும் அம்மாவும் முப்பது வருஷம். அங்கேயும் லைன் வீடுதான். சிலோன்ல லயம், இங்க லைன். பத்துக்குப் பன்னெண்டு அடியில ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. இந்தியாவுக்கு வந்து மாறினது பேரு மட்டும்தான்னு அப்பா சொல்வார்.

வேலை இருக்கற வரைக்கும்தான் லைன் வீடு. ரிட்டயர் ஆனா சாவியைக் குடுத்துடணும், இல்லைன்னா வீட்டுல இருந்து யாராவது ஒருத்தர் செக்ரோல்ல பேர் குடுக்கணும். நான் குடுக்கல, படிக்கப் போயிட்டேன். அப்பா பி.எஃப். பணத்தை எல்லாம் போட்டு குன்னூர் டவுனுக்கு மேல ஒரு சரிவுல ரெண்டு சென்ட் வாங்கி வீடு கட்டினார். அந்தக் காசுக்கு சரிவுலதான் கிடைக்கும். சமதளம் எல்லாம் எப்பவோ வேற ஆளுங்க கைக்குப் போயாச்சு. மலையை ஆறடி வெட்டி, வெட்டின மண்ணை முன்னாடி கொட்டி, பாதி வீடு வெட்டின இடத்துல, பாதி வீடு கொட்டின இடத்துல. பின்னாடி ஒரு சின்ன ஓடை. எங்க வரிசையில பன்னெண்டு வீடு, எல்லாம் இதே லட்சணம்தான்.

இப்ப 2009க்கு வர்றேன்.

அந்த வருஷம் நவம்பர் 7, சனிக்கிழமை. வார லீவுக்கு மலை ஏறினவன் திரும்ப இறங்க முடியல. மேட்டுப்பாளையம் ரோடு அங்கங்க அடைச்சுக்கிச்சு, மலை ரயில் பாதையும் போச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரியே கரண்ட் இல்லை. அப்பா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தவறிட்டார். நானும் அம்மாவும் மட்டும். திங்கக்கிழமை ராத்திரி பெஞ்சதை மழைன்னு சொல்ல மாட்டேன். தகர ஷீட்டு மேல யாரோ விடாம ஜல்லியைக் கொட்டற மாதிரி. பக்கத்துல உக்காந்து பேசறதே கேக்கல.

நான் தூங்கிட்டேன். அம்மா தூங்கல. சமையக்கட்டுல பின்கதவை ஒரு சாண் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. மழைச் சத்தத்துக்கு நடுவுல ஓடைச் சத்தத்தைத் தனியாப் பிரிச்சுக் கேக்கத் தெரியும் அதுக்கு. ரெண்டு மணி இருக்கும், என்னை உலுக்கி எழுப்புச்சு.

"தம்பி, ஓடை நின்னுருச்சு."

எனக்குப் புரியல. மழை நின்னாத்தானே ஓடை நிக்கும்? மழைதான் கொட்டுதே?

"அதான் சொல்றேன். இவ்வளவு மழைக்கு ஓடை நிக்குதுன்னா மேல எங்கயோ அடைச்சிருக்கு. எந்திரி."

பாட்டி சொல்லிக் குடுத்ததாம். லயத்துல இருந்தப்போ மழைக்காலத்துல பெரியவங்க யாராவது ஒருத்தர் ஓடையைக் காவல் காப்பாங்களாம். தண்ணி திடீர்னு குறைஞ்சாலோ, திடீர்னு ஒரேயடியா சேறாச்சுன்னாலோ, புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு பக்கவாட்டுல மேடு ஏறணும். கீழ ஓடக்கூடாது, அதே பள்ளத்துலதான் அதுவும் வரும்.

பன்னெண்டு வீட்டுக் கதவையும் தட்டினோம். திட்டிக்கிட்டே வந்தவங்களும் உண்டு. பக்கத்து மேட்டுல இருக்கற மாரியம்மன் கோயிலுக்கு எல்லாரும் போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் இருக்கும். முதல்ல வந்தது வாசனை. பச்சை மண்ணும், கிழிஞ்ச யூக்கலிப்டஸ் வேரும் கலந்த ஒரு வாசனை, தைலக்காய்ச்சற கொட்டாய்க்குள்ள போன மாதிரி. அப்புறம் காலுக்குக் கீழ ஒரு அதிர்வு. அப்புறம்தான் சத்தம். இருட்டுல ஒண்ணும் தெரியல. விடிஞ்சு பார்த்தா கடைசி ரெண்டு வீட்டோட பின்பாதி, ஒரு ஆட்டுப்பட்டி, பொதுக் கக்கூஸ், எல்லாம் இருந்த இடத்துல சிவப்பா ஒரு வாய்க்கால். ஆடு நாலு போச்சு. ஆளுங்க எல்லாரும் இருந்தோம்.

மத்த இடங்கள்ல அப்படி இல்லை. அந்த ஒரு நாள்ல கேத்தியில பதிவான மழை 820 மில்லிமீட்டர். ஊட்டியில வருஷம் பூரா பெய்யறதே 1200ஐ ஒட்டித்தான். அதுல மூணுல ரெண்டு பங்கு இருபத்து நாலு மணி நேரத்துல கொட்டிச்சுன்னா யோசிச்சுக்கோங்க. அஞ்சே நாள்ல மாவட்டம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல இடங்கள்ல மண்ணு சரிஞ்சதா புவியியல் துறை கணக்கெடுத்துச்சு. செத்தவங்க நாப்பதுக்கும் மேல. கேத்தி பக்கம் அச்சனக்கல், ஊட்டி ரோட்டுல மந்தாடா, இந்தப் பேரெல்லாம் அதுவரைக்கும் பஸ் போர்டுல மட்டும் பார்த்த பேரு. அந்த வாரம் பேப்பர்ல வந்துச்சு.

இது புதுசும் இல்லை. 1978 நவம்பர்ல நூத்துக்கும் மேல சரிவு. 1990 அக்டோபர்ல கெத்தை. 1993 நவம்பர்ல மரப்பாலத்துல பஸ்ஸோட சேர்த்து அடிச்சுக்கிட்டுப் போச்சு. வடகிழக்குப் பருவமழை வந்தா எங்களுக்கு தீபாவளியும் வரும், இந்தப் பயமும் வரும். 2009க்கு அப்புறம் மாவட்டத்துல ஆபத்தான இடங்கள்னு 283ஐக் குறிச்சாங்க. ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னாடி கலெக்டர் பேட்டியில இந்த 283 வந்துடும்.

2014 அக்டோபர் 29. காலையில பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை பக்கம் மீரியபெத்தை தோட்டத்துல லயங்கள் மேல மலை இறங்குச்சு. அம்மா பொறந்த தோட்டம் அது இல்லை, ஆனா சொந்தக்காரங்க அந்தச் சுத்துப்பட்டுல இருக்காங்க. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன புள்ளைங்க தப்பிச்சுது. திரும்பி வந்தா வீடு இருந்த இடத்துல சேறு, அப்பா அம்மா இல்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆளுங்களை மாத்துங்கன்னு இலங்கையோட கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் சொல்லியிருக்கு. ஆளுங்களை மாத்தல. மாத்தறதுன்னா எங்க? தோட்டத்துத் தொழிலாளிக்குச் சொந்தமா ஒரு துண்டு நிலம் கிடையாதே. செத்ததுக்கு அப்புறம், ரெண்டு வருஷம் கழிச்சு, தப்பிச்சவங்களுக்கு வேற இடத்துல வீடு கட்டிக் குடுத்தாங்க. டிவியில அந்தச் சேத்தைப் பார்த்துட்டு அம்மா அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டுச்சு. "ஏன் தம்பி, காலையிலதானே இறங்கியிருக்கு, ஒருத்தருமா ஓடையைப் பாக்கல?"

அதுக்கப்புறம் 2020 ஆகஸ்ட் 6. மூணாறு பக்கம் ராஜமலை பெட்டிமுடி. ராத்திரி பத்தே முக்கால் வாக்குல நாலு வரிசை லயம் மண்ணுக்குள்ள போச்சு. 70 பேர். ஏறக்குறைய எல்லாரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பம், நிறையப் பேருக்கு பூர்வீகம் கயத்தாறு. மழையில கரண்டும் இல்லை, போனும் இல்லை. விஷயம் வெளிய தெரியவே மறுநாள் காலை ஆச்சு. குவின்னு ஒரு நாய், தான் கூட வளர்ந்த சின்னப் பொண்ணைத் தேடி நாள்கணக்கா அலைஞ்சு கடைசியில உடம்பு இருக்கற இடத்தைக் காட்டிக் குடுத்துச்சே, அது இங்கதான்.

2024 ஜூலை 30. வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலை. எங்க பந்தலூர்லருந்து கூப்பிடு தூரம்னு சொல்லலாம். கூடலூர், பந்தலூர் ஆளுங்க வேலைக்கும் சம்பந்தத்துக்கும் போய் வர்ற இடம். 48 மணி நேரத்துல 572 மில்லிமீட்டர் மழை. நடுராத்திரி ஒரு தடவை, விடியறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை. மண்ணும் பாறையும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 250க்கும் மேல உயிர். சாலியாறு இழுத்துக்கிட்டுப் போன உடம்புகளை நிலம்பூர் பக்கம் எடுத்தாங்க. அங்க லைன் வீட்டுக்குப் பேரு பாடி.

2025 நவம்பர்ல டிட்வா புயல் இலங்கையை அடிச்சப்போ மறுபடி பதுளை, நுவரெலியா, கண்டி. அந்த நாட்டுல மொத்தம் அறுநூறுக்கும் மேல சாவு.

லயம், லைன், பாடி. பேரை மாத்தி மாத்திச் சொல்றோம், நிக்கற இடம் ஒண்ணுதான். நான் பார்த்த எஸ்டேட்கள்ல துரை பங்களா எப்பவும் ஒரு முகட்டுல, காட்சி நல்லாத் தெரியற இடத்துல இருக்கும். ஃபேக்டரிக்கு சமதளம். நல்ல மண்ணு தேயிலைக்கு. மிச்சம் இருக்கறது பள்ளம். தண்ணி பக்கத்துல இருக்கு, தேயிலை வராது, லைனைக் கட்டுன்னு நூறு நூத்தம்பது வருஷம் முன்னாடி யாரோ ஒரு வெள்ளைக்காரன் குச்சியால காட்டின இடம். மலை சரிய மழை காரணம், ஒத்துக்கறேன். பெட்டிமுடியில செத்த 70 பேரும் ஏன் ஒரே சாதித் தொழில் பண்றவங்களா இருந்தாங்கங்கறதுக்கு மழை காரணம் இல்லை. டவுனுக்கு வந்தவங்க கதையும் அதேதான். 2024 பிப்ரவரியில ஊட்டி லவ்டேல்ல கட்டட வேலைக்கு சரிவை வெட்டிக்கிட்டு இருந்தப்போ, மேல இருந்த பழைய பொதுக் கழிப்பறைக் கட்டடம் இடிஞ்சு விழுந்து ஆறு பெண் தொழிலாளிங்க செத்தாங்க. மழையே இல்லாத மாசம் அது.

சரி, எரிமலைன்னு தலைப்புல போட்டுட்டு எரிமலையையே காணோமேன்னு கேக்கறீங்களா? அதுக்கும் வர்றேன். இந்த மலை இறங்கற விஷயத்தைப் படிக்கப் போய்த்தான் எரிமலை பத்தி நிறையப் படிச்சேன். படிச்சதுல ரெண்டு இடம் மனசை விட்டுப் போகல.

ஒண்ணு, கொலம்பியாவுல அர்மேரோ. 1985 நவம்பர் 13 (அங்கேயும் நவம்பர்!) நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வெடிச்சது. பெரிய வெடிப்புகூட இல்லை. ஆனா உச்சியில இருந்த பனி உருகி, சாம்பலோட கலந்து, சேறா ஆத்து வழியா இறங்குச்சு. அர்மேரோ மலை உச்சியிலருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற ஊரு. சேறு வந்து சேர ரெண்டரை மணி நேரம் ஆயிருக்கு. ரெண்டரை மணி நேரம்! பக்கத்து மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். அந்த ஊருக்கு ஆபத்துன்னு காட்டற வரைபடம் ஒரு மாசம் முன்னாடியே வெளியாகியிருந்துச்சு. சாயங்காலம் சாம்பல் விழுந்தப்போ, பயப்படாம வீட்டுக்குள்ள இருங்கன்னு ஜனங்களுக்குச் சொன்னாங்க. சுமார் 23,000 பேர் போனாங்க. எரிமலைன்னு பேரு, கொன்னது என்னவோ எங்க ஊர்ல வர்ற அதே சேறு.

இன்னொண்ணு ஜாவாவுல மெராபி. அங்க கினாரெஜோன்னு ஒரு கிராமத்துல ம்பா மரிஜான்னு ஒரு பெரியவர். யோக்யகர்த்தா சுல்தான் அந்த மலைக்கு நியமிச்ச காவல்காரர். அவங்க பாஷையில அந்தப் பதவிக்கு அர்த்தம் சாவி வச்சிருக்கறவர். 2006ல மெராபி பொங்கினப்போ அரசாங்கம் எல்லாரையும் இறங்கச் சொல்லிச்சு. இவர் இறங்கல. மலை எனக்குத் தெரியும்ங்கற ஆளு. அந்தத் தடவை அவர் உயிர் பிழைச்சுட்டார். நாடு பூரா பேர் வாங்கிட்டார், ஒரு சக்தி பான விளம்பரத்துலகூட நடிச்சார். 2010 அக்டோபர் 26ல மறுபடி பொங்குச்சு. இந்தத் தடவையும் எச்சரிக்கை குடுத்தாங்க, இந்தத் தடவையும் இறங்கல. எரியற சாம்பல் மேகம் அந்தக் கிராமத்து மேலயே வந்துச்சு. 83 வயசு. தொழுகையில குனிஞ்ச மாதிரி இருந்தார்னு செய்தியில வந்துச்சு.

அவரை மூடநம்பிக்கைக்காரர்னு சொல்லி நிறைய எழுதினாங்க. எனக்கு அப்படித் தோணல. எங்க அம்மாவைத்தான் நினைச்சுக்கிட்டேன்.

ஏன்னா 2009க்கு அப்புறம் அம்மா ஒரே பேச்சு. "ஓடை சொல்லும் தம்பி." கோயமுத்தூருக்கு வந்துருன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டாச்சு. வி.ஏ.ஓ. வந்து மழை வலுக்குது, பள்ளிக்கூடத்துல வந்து படுங்கன்னு சொன்னா, அவருக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பிடும். அன்னைக்குப் பன்னெண்டு குடும்பத்தைக் காப்பாத்தின ஆளு, அதுகிட்ட யார் என்ன பேச முடியும்? அந்த ஒரு ராத்திரி சரியாப் போனதுதான் இப்ப எனக்குப் பெரிய தலைவலி.

அந்த ஓடை இப்ப பேசற நிலைமையில இல்லை. மேல தேயிலையைப் பிடுங்கிட்டு வரிசையா காட்டேஜ் கட்டியிருக்காங்க. ஓடையை ஒரு சிமென்ட் குழாய்க்குள்ள விட்டு மேல ரோடு போட்டாச்சு. எங்க வீட்டுக்குப் பின்னாடி கோடையில ஒரு சொட்டு இல்லை, மழையில காட்டேஜ் சாக்கடையோட சேர்ந்து ஒரே இரைச்சல். அப்பா இருந்திருந்தா மேல போய் கான் வெட்டியிருப்பார். எஸ்டேட்ல மழைக்கு முன்னாடி கான் வெட்டி தண்ணியைப் பக்கவாட்டுல திருப்பி விடறது ஒரு பெரிய வேலை. காட்டேஜ்காரங்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது. அம்மாவுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனா "எனக்கு இன்னும் கேக்குது"ன்னு சொல்லும்.

மெராபியில 2010ல அரசாங்கம் ஒரு வேலை பண்ணுச்சு. ஜனங்க முகாமுக்கு வந்துட்டு பகல்ல மாட்டுக்குத் தீவனம் வைக்க மறுபடி மலை ஏறிப் போயிட்டு இருந்தாங்க. அந்த மாடுகளை நாங்களே விலைக்கு வாங்கிக்கறோம்னு அரசாங்கம் சொல்லிச்சு. இதைப் படிச்சதும் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. அம்மாவை இறங்கு இறங்குன்னு சொல்றேனே, அதோட மாடு எதுன்னு ஒரு தடவை உக்காந்து கேட்டேன்.

ஆடு ரெண்டு. அப்புறம் ரேஷன் கார்டு. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு சொல்லுச்சு: "சிலோன்ல லயம், துரையுது. இங்க லைன், அதுவும் துரையுது. இது ஒண்ணுதான் உங்கப்பா பேர்ல பட்டா இருக்கு. பூட்டிட்டுப் போனா எவனாவது புகுந்துக்குவான்."

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. புவியியல் எல்லாம் படிச்சு வச்சிருக்கேன், இதுக்கு எந்தப் புஸ்தகத்துல பதில் தேட?

கடைசியில ரெண்டு பேரும் ஒரு பேரத்துக்கு வந்தோம். எஸ்டேட் ஆபீஸ்ல தினம் காலையில மழையை இன்ச் கணக்குல அளந்து எழுதுவாங்க, அம்மா அதைப் பார்த்து வளர்ந்தது. ஒரு லிட்டர் பெயிண்ட் டப்பா, மேலருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா இருக்கற மாதிரி பார்த்து, உள்ள ஒரு ஸ்கேலை ஒட்டிக் குடுத்தேன். கோயில் மேட்டுல, மரம் கூரை எதுவும் மறைக்காத இடத்துல ஒரு கல்லு மேல வச்சிருக்கு. காலையில ஆறு மணிக்கு அளந்து, எனக்கு போன்ல சொல்லிட்டு, கொட்டிட்டு, மறுபடி வைக்கணும். ஒரே நாள்ல அஞ்சு இன்ச் தாண்டினா, பேச்சே இல்லாம காரமடையில இருக்கற அக்கா வீட்டுக்கு இறங்கிடணும். ஆட்டோட. கேத்தியில அன்னைக்குப் பெஞ்சது இந்தக் கணக்குல 32 இன்ச். அந்த டப்பாவே அஞ்சரை இன்ச் உயரம்தான்.

அம்மா நேர்மையான ஆளு, ஆனா பேரத்துலயும் கெட்டி. போன ஐப்பசியில ஒரு நாள் "நாலே கால்"னு சொல்லும்போது, இன்னும் முக்கால் இருக்குங்கற மாதிரி ஒரு தொனி. அன்னைக்குப் பகல் பூரா விடாம பெஞ்சுது. மத்தியானம் ஒரு மணிக்கே மறுபடி போன். "காலையில கொட்டினதுக்கு மேல நாலரை நிக்குது. ராத்திரி வரைக்கும் எதுக்கு, இப்பவே வர்றேன்." நான் கேக்காமலே இறங்கிச்சு, அதுதான் முதல் தடவை. ஆடுங்களை மேட்டுல ஒரு வீட்டுல கட்டிட்டு, பட்டாவை மஞ்சப்பையில வச்சு எடுத்துக்கிட்டு, சாயங்காலம் காரமடை வந்து சேர்ந்துச்சு. நானும் கோயமுத்தூர்லருந்து அங்க போயிட்டேன். டப்பாவைப் பார்த்துக்கற பொறுப்பு எதிர் வீட்டு அக்காவுக்கு. மத்த பதினொரு வீட்டுலயும் ஆளுங்க அங்கதான் இருந்தாங்க. அவங்களுக்குக் காரமடையில அக்கா கிடையாது.

மறுநாள் காலையில ஆறு மணிக்கு அம்மாவோட போன் அடிச்சுது. ஸ்பீக்கர்ல போட்டுச்சு.

"பெரியம்மா, டப்பா நெறைஞ்சு வழியுது. இப்ப எவ்வளவுன்னு எழுதட்டும்?"

"எழுதறதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். கடைசி வீட்டுலருந்து கதவைத் தட்டிக்கிட்டே வா. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எல்லாரும் கோயிலுக்குப் போங்க. போய்ச் சேர்ந்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணு."